இறைப்பு இயந்திரத்துக்கும் காருக்கும் ஒயில் மாற்றுதல்

இடம்பெயர்ந்தபோது நமது விவசாயக் குடும்பங்கள் பல, வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டும் நீர் இறைக்கும் இயந்திரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போயின. அதுவே அடுத்த போகத்துக்கான நம்பிக்கை. அப்படிக் காப்பாற்றிய இயந்திரம், மிளகாய் பூக்கும் வேளையில் இறைப்பின் நடுவே இறுகி நின்றால் எப்படி இருக்கும்? பல வேளைகளில் இதற்குக் காரணம், உரிய காலத்தில் ஒயில் மாற்றாமல் விட்டதே.

ஒயில் என்ன செய்கிறது?

உராயும் இரும்புகளுக்கு இடையில் மெல்லிய படையாக நின்று தேய்வைத் தடுக்கிறது. சூட்டைக் கடத்துகிறது. கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. துருவைத் தடுக்கிறது. பிஸ்டன் றிங்குகளுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைத்து, இயந்திரத்தின் பலத்தைக் காக்கிறது.

நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் 1,80,000 தடவை சுழல்கிறது. இத்தனை உராய்வையும் தாங்குவது சுமார் 0.6 லீற்றர் ஒயில். சிறிய இறைப்பு இயந்திரங்கள் பலவற்றில் ஒயில் பம்பும் இல்லை, வடியும் இல்லை. பிஸ்டன் தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற பகுதி ஒயிலை அடித்துத் தெறிக்கிறது. ஆகவே உள்ளே சேரும் அழுக்கு, நாம் மாற்றும்வரை ஒயிலிலேயே கிடக்கிறது.

மாற்றாவிட்டால் என்ன நடக்கும்?

சூட்டினால் ஒயில் தன் தன்மையை இழக்கிறது. கரியும் இரும்புத் தூளும் சேர்ந்து அரம்போல அராவுகின்றன. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீரும் அமிலமும் உலோகத்தை அரிக்கின்றன. முதலில் றிங்குகள் தேய்ந்து நீலப் புகை வரும், பலம் குறையும். பின்னர் தட்டும் சத்தம் கேட்கும். கடைசியில் பிஸ்டன் இறுகும், அல்லது தண்டு முறிந்து இயந்திரத்தின் உடலையே உடைக்கும்.

காரில் ஒயில் பம்பும் வடியும் உண்டு. ஆயினும் பழைய ஒயில் சேறாகத் தடித்து, வடியையும் ஒயில் செல்லும் துவாரங்களையும் அடைக்கும். ஒயில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். 'வீடு மட்டும் ஓடிப் போவோம்' என்று ஓடினால் பெயரிங்குகள் போய்விடும்.

மண்ணெண்ணெய் பாவிப்போருக்கு

1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை நாம் மறக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கசிந்து ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஒயில் மட்டம் குறையாமல் கூடினால் மகிழ வேண்டாம், மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணத்தால் உடனே மாற்றுங்கள். பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரமானால், சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துமுன் சற்று நேரம் பெற்றோலில் ஓடவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. நாள்தோறும் தொடக்குமுன், இயந்திரத்தைச் சமதரையில் வைத்து ஒயில் மட்டம் பாருங்கள்.

2. சிறிய பெற்றோல் இயந்திரங்கள் பலவற்றுக்கு, புதிதாக வாங்கி 20 மணித்தியாலம் ஓடியதும் முதல் மாற்றம். பின்னர் 100 மணித்தியாலத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒரு தடவை. நாளுக்கு 5 மணித்தியாலம் இறைத்தால் 20 நாளில் 100 ஆகிவிடும். உங்கள் இயந்திரத்தின் கைந்நூல் சொல்வதே முடிவானது. புழுதியில் ஓடினாலும் மண்ணெண்ணெயில் ஓடினாலும் முந்தியே மாற்றுங்கள்.

3. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். டீசல் இயந்திரத்தில் புதிய ஒயிலும் விரைவில் கறுக்கும். ஓடிய நேரத்தைக் கலண்டரில் குறியுங்கள்.

4. இயந்திரம் இளஞ்சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஒயிலை வடியுங்கள். அழுக்கும் சேர்ந்து வெளியேறும். கைந்நூலில் கூறிய தரத்தில், குறித்த மட்டம்வரை மட்டும் புதிய ஒயிலை ஊற்றுங்கள்.

5. கழிவு ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது எளிதில் நிலத்தடி நீரைச் சேரும். போத்தலில் அடைத்து, கழிவு ஒயில் சேர்க்கும் கராஜில் கொடுங்கள்.

குழுவாகச் சிந்திக்க

உங்கள் இயந்திரத்துக்குக் கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள்? ஒரு தடவை ஒயில் வாங்க எவ்வளவு செலவாகும்? சிலிண்டர் கடைந்து, பிஸ்டன் மாற்றி, அதுவரை வாடகைக்கு இறைக்க எவ்வளவு ஆகும்? இரண்டையும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். பல குடும்பங்கள் ஓர் இயந்திரத்தைப் பகிர்ந்தால், ஒயில் மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதை இன்றே தீர்மானியுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.