கல்லுக்கு ஏற்ற கிரவுட்: விற்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வீடு கட்டுவோர் தரைக் கல்லைத் தெரிவு செய்ய நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். இடைவெளியை நிரப்பும் கிரவுட் என்று வரும்போது மட்டும், "ஏதாவது ஒன்றைத் தாங்க நானா" என்கிறார்கள். மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு அதுதான். பிழைத்தால் முழுத் தரையையும் கெடுப்பதும் அதுதான். எனவே கிரவுட் பக்கட்டைக் கையில் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்பது எனது வழக்கம்.

முதலாவது, என்ன கல்? இயற்கைக் கற்களில் பல நீரை உறிஞ்சுபவை. வெளிர் நிறக் கல்லுக்குக் கறுப்புக் கிரவுட் இட்டால் சாயம் ஓரங்களில் ஊறிவிடும், துடைத்தாலும் போகாது. கல்லின் நிறத்துக்கு நெருங்கியதையே எடுங்கள். முதலில் சீலர் பூசுங்கள். கழிவுத் துண்டொன்றில் பரீட்சித்த பின்னரே தரையில் கை வையுங்கள்.

இரண்டாவது, இடைவெளி எவ்வளவு? 3 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் மணல் கலவாத கிரவுட், அதற்கு மேலென்றால் மணல் கலந்தது என்பது பொது விதி. அகன்ற இடைவெளியில் மணலற்றது சுருங்கி வெடிக்கும். மினுக்கிய மாபிளை மணல் கலந்தது கீறிவிடும்.

மூன்றாவது, எங்கே பதிக்கிறீர்கள்? வுழூச் செய்யும் இடம், குளியலறை போன்று எந்நேரமும் ஈரமாயிருக்கும் இடங்களுக்கு எபொக்சி கிரவுட் சிறந்தது. விலை கூடியது, விரைவில் இறுகுவதால் பழகிய மேசன் வேண்டும். முற்றத்துக்குச் சீமெந்தும் மணலும் கலந்தது போதும். ஆனால் கழுவாத கடல் மணல் வேண்டாம். உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும்.

இன்னுமொன்று. படிந்த சீமெந்தைக் கழுவச் சில மேசன்மார் அசிட் கேட்கிறார்கள். வண்ணாத்திவில்லு மக்களுக்கு இதை விளக்குவது இலகு. எமது அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கல்லிலிருந்துதான் புத்தளத்தில் சீமெந்து தயாரிக்கப்படுகிறது. சீமெந்தைக் கரைக்கும் அசிட் அதன் தாய்க் கல்லை விட்டுவைக்குமா? மாபிளும், இந்தியாவிலிருந்து வரும் கோட்டா, கடப்பாக் கற்களும் அதே சுண்ணாம்பு இனமே. அசிட் பட்டால் மினுக்கம் போய்விடும். கிரவுட் முற்றாகக் காயுமுன் ஈரப் பஞ்சினால் துடைத்தெடுத்தால் அசிட்டுக்கு வேலையே இல்லை.

இக்கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் செலவாகும். சில வேளை விலை குறைந்த பக்கட்டையே கொடுத்தனுப்பவும் நேரும். ஆனால் வெளிநாட்டில் வருடக்கணக்காய் உழைத்த காசில் கல் பதிப்பவருக்கு அந்தத் தரை ஒரு தடவைதான். அது கெட்டால் அவர் மேசனை மட்டுமல்ல, பொருள் கொடுத்த கடையையும் மறக்கமாட்டார்.