நீர்ப்பம்பிக் கம்பிகளின் நிறங்கள்

கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் மின்சாரப் பம்பியால் நீர் இறைக்கும் கமக்காரர் பலர். பம்பி பழுதாகிப் புதியது வாங்கும்போது, நிறத்தைப் பார்த்துத் தாமே கம்பிகளை இணைத்துவிடுவோரும் அவர்களுள் உளர். பழைய பம்பிக் கொட்டிலில் ஒரு நிறம் குறித்தது ஒன்று. புதிய வடத்தில் அதே நிறம் குறிப்பது வேறொன்று. இதனை அறியாமற் செய்யும் இணைப்பு உயிருக்கே கேடாகும்.

இலங்கை தன் மின்னிணைப்பு முறையைப் பிரித்தானியரிடமிருந்து பெற்றது. அப்பழைய முறைப்படி உயிர்க்கம்பி சிவப்பு, மின்சாரம் திரும்பிச் செல்லும் நொதுமற் கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை. மூன்று பேஸ் இணைப்பாயின் உயிர்க்கம்பிகள் மூன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகும். இந்தியாவிலும் இவ்வழக்கமே பரவியது.

நிறத்துக்கும் மின்சாரத்துக்கும் இயற்கையில் யாதொரு தொடர்பும் இல்லை. ஒவ்வொரு நாட்டாரும் தமக்குள் உடன்பட்டு நிறங்களை வகுத்துக்கொண்டனர். அமெரிக்காவில் உயிர்க்கம்பி கறுப்பு, நொதுமல் வெள்ளை. ஜேர்மனியிலோ முன்னாளிற் புவிக்கம்பிக்கே சிவப்பு நிறமிட்டனர். பண்டங்கள் நாடு கடந்து விற்கப்படாதவரை இதனாற் கேடில்லை. ஜேர்மன் சாதனமொன்றைப் பிரித்தானியாவில் வாங்கியவர், சிவப்பை உயிர்க்கம்பியென எண்ணி இணைத்தால், சாதனத்தின் உலோக உடல் முழுவதும் மின்னேறிவிடும். ஆகவே ஐரோப்பிய நாடுகள் பொது நிறங்களுக்கு உடன்பட்டன. உயிர்க்கம்பிக்குக் கபிலம், நொதுமலுக்கு நீலம், புவிக்கம்பிக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களிற் சிலர் உளர். இருநிறக் கோடு அவர்கட்கும் புலப்படும். பிரித்தானியா சாதனங்களின் வடத்துக்கு 1969 இல் இந்நிறங்களை விதித்தது. கட்டடங்களின் நிலையான கம்பிகளுக்கு 2004 இல் அனுமதித்து, 2006 முதற் கட்டாயமாக்கியது.

ஒற்றை பேஸ் பம்பியில் இம்மாற்றம் அத்துணைக் குழப்பந் தராது. மூன்று பேஸ் இணைப்பிலேதான் பெருங்கேடு உண்டு. புதிய முறையில் உயிர்க்கம்பிகள் கபிலம், கறுப்பு, சாம்பல், நொதுமல் நீலம். அஃதாவது கறுப்பும் நீலமும் தம்முள் இடம் மாறிவிட்டன. புதிய நிறங்களை மட்டும் அறிந்த ஒருவர், பழைய கொட்டிலில் விளக்கொன்று போட விரும்பி நீலத்தை நொதுமலென எடுக்கின்றார் என வைத்துக்கொள்வோம். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 400 வோல்ற்று உண்டு. 230 வோல்ற்றுக்கு அமைந்த விளக்கு அக்கணமே கருகும். பழைய நிறங்களில் மட்டும் பழகியவர், புதிய வடத்தின் கறுப்பை நொதுமலென நம்பித் தொட்டால், சேற்றிலே நிற்கும் அவர் காலூடாக மின்சாரம் பாயும். நொதுமலும் தொடத்தக்கதன்று என்பது வேறு.

சில ஆழ்கிணற்றுப் பம்பிகளிற் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்பன மோட்டரின் உட்சுற்றுக்களையே குறிக்கும். பம்பியோடு வரும் படத்தைப் பாராது அவற்றை இணைத்தலாகாது.

ஆதலின் பழைய வடமும் புதிய வடமும் சந்திக்குமிடத்திற் கமக்காரர் தாமே கைவைத்தல் கூடாது. தகுதி பெற்ற மின்னிணைப்பாளரை அழைத்து, பிரதான ஆளியை நிறுத்தி, ஒவ்வொரு கம்பியையும் கருவியாற் சோதித்தபின்னரே முடியச் செய்க. நீர் இறைக்க அது வேண்டுவதில்லை என்று சிலர் புவிக்கம்பியை வெட்டி விடுகின்றனர். இதனினும் பெரிய தவறில்லை. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சு பம்பிக்கும் இருத்தல் வேண்டும்.

மூன்று பேஸ் பம்பி ஓடியும் நீர் குறைவாக வரின், மோட்டர் எதிர்த்திசையிற் சுழல்கின்றதா என மின்னிணைப்பாளரைப் பார்க்கச் சொல்லுக. உயிர்க்கம்பிகள் இரண்டை அவர் மாற்றி முடிந்தாற் சரியாகும். அவர் செல்லுமுன், இப்பெட்டியில் இருவகை நிறங்களும் உள்ளன என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மூடியில் ஒட்டுவிக்க. அடுத்த போகத்தில் அதனைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.