ஆழம் அறிந்து எறியும் இழை

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. ஏரியில் மீன் பிடிப்பவருக்கும் இப்பழமொழி பொருந்தும். அவர் காலை விடுவதில்லை, தூண்டிலைத்தான் விடுகிறார். ஆயினும், மீன் எந்த ஆழத்தில் இரை தேடுகிறது என்பதை அறியாமல் எறிந்தால், நாள் முழுவதும் காத்திருந்தும் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

இங்கிலாந்தின் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் டிரவுட் மீனைப் பிடிக்க ‘செயற்கை ஈ’ பயன்படுகிறது. தூண்டில் முள்ளின்மீது இறகு, உரோமம், நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியைப் போலவோ சிறுமீனைப் போலவோ இதனைச் செய்கின்றனர். அந்நாட்டின் பிளாக்டன் ஏரியில் 1904ஆம் ஆண்டு முதல் இம்முறையில் மீன் பிடிக்கின்றனர். 1970களில் உருவான ரட்லண்ட் நீர்த்தேக்கமும் இதற்குப் பெயர் பெற்றது. அதன் பரப்பளவு ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை இரையைத் தொலைவுக்குக் கொண்டு செல்லும். செயற்கை ஈக்கோ எடை மிகக் குறைவு. எனவே, இழையே கனமாக இருக்க வேண்டும். அந்தத் தடித்த இழையின் நுனியில் மெல்லிய நைலான் நரம்பைக் கட்டி, அதன் முனையில் ஈயை இணைக்கின்றனர். முற்காலத்தில் இந்த இழை பட்டுநூலால் பின்னப்பட்டது. கொழுப்புப் பூசினால் மிதக்கும். பூசாவிட்டால் மெல்ல அமிழும். இன்றைய இழைகளுக்கு நெகிழி மேற்பூச்சு உண்டு. அப்பூச்சில் டங்ஸ்டன் உலோகத் தூளைக் கலந்தால் இழை கனமாகி அமிழும். தூளின் அளவு கூடக்கூட அமிழும் வேகமும் கூடும்.

எந்த இழையைத் தேர்ந்தெடுப்பது? முதலில் மீன் இருக்கும் ஆழத்தை ஊகிக்க வேண்டும். ஆற்றில் நீரோட்டமே மீனிடம் இரையைக் கொண்டு வருகிறது. ஏரியில் அத்தகைய ஓட்டம் இல்லாததால், மீன் இரையைத் தேடிச் செல்கிறது. ‘நீர்த்தெள்ளு’ எனும் மிகச் சிறிய உயிரினம் டிரவுட் மீனின் இரைகளுள் ஒன்று. வெயில் கடுமையாக இருக்கும்போது அது ஆழத்திற்கு இறங்கும். மேகம் மூடும்போதும் அந்தி சாயும்போதும் மேலே வரும். மீனும் அதனைப் பின்தொடரும். ஆகவே, காலையில் மீன் கிடைத்த ஆழத்திலேயே நண்பகலிலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இழைகளின் உறையில் அவை விநாடிக்கு எத்தனை அங்குலம் அமிழும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். மெதுவாக அமிழும் இழை விநாடிக்கு ஓர் அங்குலம் அல்லது சற்றுக் கூடுதலாக இறங்கும். நடுத்தர இழை 3 அங்குலமும் விரைவு இழை 6 அல்லது 7 அங்குலமும் இறங்கும். 3 அங்குலம் என்பது ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர். அப்படியானால், நடுத்தர இழை 3 மீட்டர் ஆழத்தை அடைய 40 விநாடிகள் ஆகும். 7 அங்குல இழைக்கோ ஏறக்குறைய 17 விநாடிகளே போதும்.

அப்படியென்றால் எப்போதும் விரைவு இழையையே பயன்படுத்தலாமே என்று தோன்றலாம். இழையை மெல்ல இழுக்கும்போதும் அது தொடர்ந்து அமிழ்ந்துகொண்டே இருக்கும். விரைவு இழை மீன் இருக்கும் இடத்தைச் சட்டெனக் கடந்து, அடியிலுள்ள நீர்த்தாவரங்களில் சிக்கிக்கொள்ளும். மெதுவான இழை உரிய ஆழத்தில் நெடுநேரம் நிற்கும். எனவே, ஆழத்தை எவ்வளவு விரைவில் அடைய வேண்டும், அங்கு எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும் ஆகிய இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கரையோரத்தில், இரண்டு மீட்டர் ஆழமுள்ள நீருக்கு மெதுவான இழையே ஏற்றது. காற்றில் மிதந்து செல்லும் படகிலிருந்து முன்பக்கமாக எறிவோரின் நிலை வேறு. படகு விரைவில் இழையை நெருங்கிவிடுவதால், ஆழத்தை அடையக் கிடைக்கும் நேரம் குறைவு. அங்கு விரைவு இழை கைகொடுக்கும்.

அனுபவமிக்கவர்கள் எண்ணிக்கையைத் துணையாகக் கொள்கின்றனர். முதல் முறை எறிந்தபின் பத்து வரை எண்ணி இழுப்பர். அடுத்த முறை இருபது, அதற்கடுத்து முப்பது என எண்ணிக்கையைக் கூட்டுவர். எந்த எண்ணில் மீன் கடிக்கிறதோ, அதனை நினைவில் வைத்து மீண்டும் அதே ஆழத்தில் தேடுவர்.

இந்த அறிவுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். கோடைக்காலத்தில் ஏரியின் மேல்மட்ட நீர் சூடாகி இலேசாகிறது. குளிர்ந்த நீர் கனமாக இருப்பதால் அடியிலேயே தங்குகிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. சில ஏரிகளில் அடிநீரின் உயிர்வளியும் குறைந்துவிடும். அப்போது மேலே வெப்பம், கீழே மூச்சுத்திணறல் என, மீன்கள் நடுவிலுள்ள குறுகிய அடுக்கில் ஒடுங்கி நிற்கும். சரியான இழையை அறிந்தவருக்கு அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால், மேல்மட்ட நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டும்போது, பிடித்துக் களைத்த மீனை மீண்டும் நீரில் விட்டாலும் அது இறக்கும் வாய்ப்பு கூடும். எனவேதான், பல இடங்களில் கடும் வெப்ப நாள்களில் மீனைப் பிடித்து விடுவிப்பதை நிறுத்திவைக்கின்றனர். எந்த இழையை எறிவது என்பதோடு, எந்த நாளில் எறியாமல் இருப்பது என்பதையும் நல்ல மீன்பிடிப்பாளர் அறிந்திருக்க வேண்டும்.