யார் அடித்தால் கைதட்டுகிறோம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

கலை, காலத்தின் கண்ணாடி என்பர். ஆனால் திரைப்படமும் தொலைக்காட்சியும் நம் முகத்தைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. எந்தக் காட்சிக்கு எந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்றும் கற்பிக்கின்றன.

"சினிமா பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்" என்று பெரியவர்கள் குறை கூறுவதும், "படம் வேறு, வாழ்க்கை வேறு" என்று நாம் மறுமொழி கூறுவதும் நெடுநாளைய வழக்கு. படம் பார்த்தவன் கத்தியை எடுப்பானா என்பதிலேயே இவ்வழக்கு சுற்றிச் சுற்றி வருகிறது. கோடிக்கணக்கானோர் சண்டைப் படங்களைப் பார்க்கின்றனர். அவர்களுள் கத்தியை எடுப்பவர் மிகச் சிலரே. எஞ்சிய நம் நிலை என்ன? வேறொருவன் அடிபடும்போது தடுக்கிறோமா, வருந்துகிறோமா, கைதட்டுகிறோமா? இதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மையை அடித்த குழந்தைகள்

ஒரு விலங்கு செய்வதைப் பார்த்து மற்றொன்று கற்றுக்கொள்வதை விலங்கியலில் படிக்கிறோம். மனிதக் குழந்தை எவ்வாறு கற்கிறது? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பந்தூரா 1961ஆம் ஆண்டு 72 குழந்தைகளைக் கொண்டு இதனைச் சோதித்தார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று. தள்ளினால் சாய்ந்து மீண்டும் நிமிரும், நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போல. பெரியவர் ஒருவர் அதனைக் குத்துவதையும் மரச்சுத்தியலால் அடிப்பதையும் ஒரு பகுதிக் குழந்தைகள் பார்த்தனர். பின்னர் அவர்களிடம் பொம்மையை விட்டபோது, அவர்களுள் பலர் அதே முறையில் அடித்தனர். பெரியவர் அடிப்பதைப் பார்க்காத குழந்தைகளிடம் இது மிகக் குறைவாகவே காணப்பட்டது. 1963இல் அதே காட்சியைப் படமாக்கிக் காட்டினார். நேரில் பார்த்த குழந்தைகளைப் போலவே, படத்தில் பார்த்தவர்களும் அடித்தனர்.

என்னைச் சிந்திக்க வைத்தது 1965ஆம் ஆண்டில் அவர் செய்த சோதனையே. இம்முறை படத்தின் முடிவை மூன்று விதமாக அமைத்தார். ஒன்றில், அடித்தவருக்கு இனிப்பும் குளிர்பானமும் பாராட்டும் கிடைத்தன. மற்றொன்றில், அவர் கண்டித்துத் தண்டிக்கப்பட்டார். மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே பொம்மையை அடித்தனர். எனினும், "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும், மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவிற்குச் செய்து காட்டினர்! அதாவது, அடிக்கும் வித்தையை எல்லாக் குழந்தைகளும் கற்றிருந்தனர். அதனை வெளிப்படுத்தலாமா கூடாதா என்பதைக் கதையின் முடிவே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

இச்சோதனைக்கு மறுப்பும் உண்டு. பொம்மையை அடிப்பது மனிதனை அடிப்பதாகுமா என்று கேட்டவர்கள் உளர். வன்முறைக் கதைகளுக்குப் பஞ்சமில்லாத ஜப்பானில் கொலைகள் மிகக் குறைவு என்பதும் உண்மை. வறுமை, குடி, சாதிப்பகை, வேலையின்மை என வன்முறைக்கு வேர்கள் பல. ஆகவே எல்லாப் பழியையும் சினிமாவின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால், யார் அடித்தால் இனிப்பு கிடைக்கிறது என்ற கேள்வியை நம் திரையரங்கிலும் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

கடைசியில் வந்த போலீஸ்

பழைய தமிழ்ப் படங்களின் உச்சக்காட்சியை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் வில்லனை அடித்து வீழ்த்துவான். கொல்லக் கை ஓங்குவான். அந்நேரம் பார்த்து ஜீப் வந்து நிற்கும். இன்ஸ்பெக்டர் இறங்கி, "சட்டத்தைக் கையில் எடுக்காதீர்கள்" என்று கூறி வில்லனுக்கு விலங்கு மாட்டுவார். "எல்லாம் முடிந்தபின் போலீஸ் வருகிறது" என்று நாம் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்! ஆனால் அந்தத் தாமதமான வருகையில் ஒரு நெறி இருந்தது. அடிப்பவன் எவ்வளவு நல்லவனாயினும், தண்டிக்கும் உரிமை அவனுக்கில்லை என்பதே அந்நெறி.

காலம் செல்லச் செல்ல, கடைசியில் வந்த போலீஸ்காரர் கதையின் நடுவிற்கு வந்தார். 1974இல் வெளிவந்த 'தங்கப்பதக்கம்' படத்தில் காவல் அதிகாரி, கடமைக்காகத் தன் சொந்த மகனையே சுடுகிறார். அங்கே துப்பாக்கியின் விலையை அதிகாரியும் தன் கண்ணீரால் கொடுக்கிறார். 2003இல் வந்த 'காக்க காக்க' படத்திலோ, ரவுடிகளைச் சுட்டுக்கொல்லும் காவலர் குழுவே கதாநாயகர்கள். அதே ஆண்டில் 'சாமி', 2010இல் 'சிங்கம்', பிறகு அவற்றின் அடுத்தடுத்த பாகங்கள் எனப் படங்கள் தொடர்ந்தன. 'சிங்கம்' இந்திக்கும் சென்றது. இத்தகைய கதைகளில் அடிக்கும் நாயகனும் சட்டமும் ஒருவரே. பிறகு, "நிறுத்து" என்று சொல்லக் கடைசியில் வருவதற்கு யார் இருக்கிறார்கள்? நீதிபதி தேவையற்றவராகிறார், வக்கீல் வில்லனின் கையாளாகிறார், மனித உரிமை பேசுபவர் கேலிப்பொருளாகிறார். அடித்தவருக்கு விசில் என்னும் இனிப்பு கிடைக்கிறது.

திரைக்கும் வாழ்க்கைக்கும் இடையே இங்கு முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வில்லன் கொலை செய்வதைக் கேமரா நமக்கு முன்பே காட்டிவிடுகிறது. எனவே அவன் குற்றவாளியா என்ற ஐயமே நமக்கு எழுவதில்லை. விசாரணை வீண் தாமதமாகத் தோன்றுகிறது. வாழ்க்கையில் அத்தகைய கேமரா ஏது? அதற்காகத்தானே நீதிமன்றமும் சாட்சியும் வைத்திருக்கிறோம்!

அஞ்ச வைக்கும் பெட்டி

திரைப்படம் மருந்தைக் காட்டுகிறது என்றால், தொலைக்காட்சி நோயைக் காட்டுகிறது. 1975ஆம் ஆண்டு சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது சில மணி நேரமே ஒளிபரப்பு. இன்று இருபத்து நான்கு மணி நேரமும் செய்திகள். ஒரே கொலையின் காட்சியைக் காலை முதல் இரவு வரை திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஒரு கொலை நம் மனத்தில் பத்தாகிறது.

அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960களின் இறுதியில் தொடங்கி இதனை ஆராய்ந்தார். நாள்தோறும் நெடுநேரம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள், குறைவாகப் பார்ப்பவர்களைக் காட்டிலும் உலகைக் கொடியதாகக் கருதுகிறார்கள், தங்களுக்கு ஆபத்து நேரும் என்று மிகுதியாக அஞ்சுகிறார்கள் என்றார். குற்றம் மிகுந்த பகுதியில் வாழ்வோரே தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்க்கவும் கூடும் என்று 1979இல் டொரண்டோ நகரில் நடந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆகவே தொலைக்காட்சி மட்டுமே அச்சத்திற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும் அஞ்சிய மனிதன் நிதானத்தை விரும்புவதில்லை. "உடனே ஏதாவது செய்யுங்கள்" என்கிறான். அந்த "ஏதாவது" எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் திரைப்படம் அவனுக்கு முன்பே காட்டியிருக்கிறதே!

ஐதராபாத்தும் சாத்தான்குளமும்

2019ஆம் ஆண்டு நவம்பரில் ஐதராபாத் அருகே இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. டிசம்பர் 6ஆம் நாள் விடியற்காலை, கைதான நால்வரும் காவலர்களால் சுட்டுக்கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்கள்மீது பூ மாரி பொழிந்தனர், இனிப்பு வழங்கினர். நான் அப்போது பள்ளி மாணவன். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தெருவே கூடியிருந்தது. மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பாவும் கைதட்டினார்; நானும் தட்டினேன்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. கொல்லும் நோக்கத்துடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது கூறியது. அந்நால்வரே குற்றம் செய்தவர்களா என்பதை எந்த நீதிமன்றமும் இனி விசாரிக்க இயலாது. நாங்கள் கைதட்டியது எதற்காக?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். தமிழகம் அதிர்ந்தது. 'சாமி', 'சிங்கம்' படங்களை இயக்கிய ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அப்போது அறிக்கை வெளியிட்டார். படத்திற்கும் மக்கள் மனத்திற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு, படம் எடுத்தவரின் இந்த வேதனையும் ஒரு சான்று எனலாம்.

எங்கள் தெருவில்

இவற்றை நான் வெறும் செய்தியாக எழுதவில்லை. மெக்கானிக் கடையில் வேலை செய்த எங்கள் தெரு அண்ணன் ஒருவரை, வண்டி திருட்டில் சந்தேகம் என்று ஒரு நாள் மாலை அழைத்துச் சென்றார்கள். மூன்றாம் நாள் திரும்பினார். திண்ணையில் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். வண்டியைத் திருடியவன் வேறு ஊரில் பிடிபட்டான் என்று பிறகு தெரிந்தது. "சும்மாவா கூட்டிட்டுப் போவாங்க?" என்றது தெரு. அன்று தொலைக்காட்சியின் முன் கைதட்டிய அதே தெரு! அவருடைய அம்மா எங்கள் வீட்டிற்கு வந்து, "தம்பி, நீதான் படிக்கிற பிள்ளை. இப்படி அடிக்கலாமாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு கூறுவதை இக்கல்லூரி நூலகத்தில்தான் அறிந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படத்தில் நூறு போலீஸ் நிலையங்களைப் பார்த்திருந்த எங்கள் வீட்டில், அந்த ஒரு விதி ஒருவருக்கும் தெரியாது.

நாம் செய்யக்கூடியது

படங்களைத் தடை செய்துவிடலாமா? வேண்டியதில்லை. வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாது என்று தணிக்கை நெறிமுறை 1991 முதலே கூறுகிறது. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயதுவாரியாகச் சான்றிதழைப் பிரித்தது. இவை குழந்தைகளைக் காக்க உதவலாம். பூத் தூவியவர்களோ வளர்ந்தவர்கள் அல்லவா?

நோய் தந்த கலையே மருந்தும் தரவல்லது. வெற்றிமாறனின் 'விசாரணை'யும், 2021இல் வந்த 'ஜெய் பீம்' படமும் கேமராவை லாக்கப்பின் உள்ளே, அடிபடுகிறவன் பக்கத்தில் வைத்தன. அடி அதே அடிதான். ஆனால் விசில் இல்லை. எங்கள் தெருவிலும் 'ஜெய் பீம்' பார்த்து அழுதவர்கள் உண்டு. படம் முடிந்ததும் அந்த அண்ணனைப் பற்றி முதன்முறையாக இரக்கத்தோடு பேசினார்கள். அண்ணனுக்கு இடது கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

மாணவ நண்பர்களே! படம் பார்ப்போம், விசிலும் அடிப்போம். நானும் வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்பவன்தான். ஆனால் அரங்கைவிட்டு வெளியே வந்தபின், எவனோ ஒருவன் அடிபட்டான், சுடப்பட்டான் என்ற செய்தி வரும்போது, கையைத் தட்டுமுன் ஒரு கேள்வியைக் கேட்போம்: இவன் குற்றவாளி என்று எனக்குச் சொன்னது யார்? கல்லூரிக்கு வந்த நாம் கேட்காவிட்டால், வராத நம் வீட்டார் யாரைப் பார்த்துக் கேட்பார்கள்? அந்தத் தாய்க்கு அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்: "அடிக்கக் கூடாது அம்மா. தப்பு செய்திருந்தாலும் அடிக்கக் கூடாது."