ஏற்றத்தில் பிறந்த ஹோட்டல்

மும்பையிலிருந்து ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நின்றதும் வடா பாவ் வாங்க இறங்காதவர் நம்மில் குறைவு. ஆனால் வண்டி அங்கே நிற்பது வடா பாவுக்காக அல்ல. அதற்கு மேல் போர் காட் மலை. 37 அடி ஓடினால் 1 அடி ஏற்றம். பின்னாலிருந்து தள்ள 'பாங்கர்' எஞ்சின் கோக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில்தான் அத்தனை வியாபாரமும். ஏற்றம் இருக்கும் இடத்தில் வண்டி நிற்கும்; வண்டி நிற்கும் இடத்தில் சாப்பாடு வரும். என்னிடம் வேலை பழக வந்த பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

கனடாவின் ராக்கி மலையில் அரண்மனை போல் நிற்கும் பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஹோட்டலின் கதையும் இப்படித் தொடங்கியதுதான்.

கனடியன் பசிபிக் ரயில்வே 1885 நவம்பர் 7 அன்று கடைசி ஆணியை அடித்துப் பாதையை முடித்தது. கையில் பணமில்லை. ஆகவே கிக்கிங் ஹார்ஸ் கணவாய்க்கு மேற்கே 'தற்காலிகமாக' ஒரு சரிவு போட்டிருந்தார்கள். 22 அடிக்கு 1 அடி! 1884இல் அதில் இறங்கிய முதல் வண்டியே பிடி தவறி ஓடிக் கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு, தறிகெட்டு வரும் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தக் கிளைப்பாதைகள் அமைத்தார்கள். நம் மலைப்பாதைகளிலும் 'கேட்ச் சைடிங்' என்று இதுவே உண்டு. அந்தத் தற்காலிகம் 25 வருடம் நீடித்தது. ரயில்வேக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமிராது. 1909இல் மலைக்குள் வளைந்து செல்லும் சுரங்கங்கள் வந்தபின்தான் ஏற்றம் பாதியாகக் குறைந்தது.

இத்தகைய ஏற்றத்தில் கனமான டைனிங் காரையும் இழுத்துச் செல்வது வீண் செலவு. கம்பெனியின் தலைமை நிர்வாகி வான் ஹோர்ன், 1886 முதல் பாதையோரமாகச் சாப்பாட்டு விடுதிகள் கட்டச் செய்தார். சரிவின் அடிவாரத்தில் ஃபீல்டு என்ற ஊரில் ஒன்று. இன்னும் மேற்கே பனிமலை அருகில் ஒன்று. சாப்பிட இறங்கியவர்கள் மலையைப் பார்த்துத் தங்கவும் ஆசைப்பட்டார்கள். ஜனங்கள் அதிகமில்லாத பிரதேசத்தில் பாதை போட்ட கம்பெனிக்குப் பயணிகள் தேவை. 1883இலேயே ரயில்வேத் தொழிலாளர்கள் பான்ஃப் பக்கம் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டிருந்தார்கள். 1887இல் அவ்விடம் கனடாவின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1888 ஜூன் 1 அன்று ஹோட்டல் திறந்தது. புரூஸ் பிரைஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வரைந்த மரக் கட்டடம் அது.

கட்டிக்கொண்டிருக்கும்போது வான் ஹோர்ன் பார்வையிட வந்த கதை பிரசித்தம். கட்டடம் திசைமாறி எழும்பியிருந்தது! ஆற்றுப் பள்ளத்தாக்கின் அழகெல்லாம் சமையல்காரர்களுக்கு. விருந்தினர் அறைகளுக்கு வெறும் காட்டு மரங்கள். கோபத்தில் குதித்தவர், அங்கேயே ஒரு காகிதத்தில் மண்டபம் ஒன்றை வரைந்து, விருந்தினருக்கும் அந்தக் காட்சி கிடைக்கச் செய்தாராம்.

இதைப் படித்து நான் சிரிக்கவில்லை. இளவயதில் ஒரு மலையடிவார ஸ்டேஷனில் டிரைவர்கள் படுக்க ஓய்வறை கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. பிளானில் வடக்குக் குறியைத் தவறாகப் படித்துவிட்டேன். காற்று சமையலறைக்குப் போயிற்று; படுக்கும் அறை மேற்கு வெயிலில் காய்ந்தது. "சார், நம்ம சமையல்காரன் நல்லாத் தூங்குறான்" என்றார் ஒரு கிழ டிரைவர். இரவு முழுக்க மலையில் வண்டி ஓட்ட வேண்டியவர் அவர். திருத்தப் பணம் கேட்டு எழுதினேன், வரவில்லை. பத்து வருடங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோதும் ஜன்னலில் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பான்ஃபில் 1914இல் பதினொரு மாடிக் கல் கோபுரம் எழுந்தது. 1926 ஏப்ரலில் மிஞ்சியிருந்த மரக் கட்டடம் தீயில் போயிற்று. 1928இல் முடிந்ததே இன்று நாம் காணும் கோட்டை. யுத்தத்தின்போது 1942 முதல் 1945 வரை மூடிக் கிடந்தது. 1969இல்தான் குளிர்காலத்திலும் திறக்கத் தொடங்கினார்கள்.

மகன் கால்கரியில் இருந்தபோது அழைத்துப் போனான். ரயிலில் போகலாமே என்றேன். பான்ஃப் வழியாக ஓடிய வழக்கமான பயணிகள் ரயில் 1990 ஜனவரியிலேயே நின்றுபோயிற்றாம். சுற்றுலா வண்டி மட்டும் உண்டு. 130 கிலோமீட்டரும் காரில்தான். ஹோட்டலைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கும் போகச் சொன்னேன். ஒரு சரக்கு வண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். நூறைத் தாண்டியபோது, "அப்பா, குளிருது, வாங்க" என்று மருமகள் கூப்பிட்டாள்.