சிறு முளையும் பெருந்தேரும்: மண்தடப் பந்தயக் காரின் முன் ஸ்பிண்டில்

உருவத்தில் சிறியரென்று எவரையும் இகழலாகாது என்பதை உணர்த்த வந்த வள்ளுவர், தேரின் அச்சாணியை உவமையாக எடுத்தாண்டார். அவ்வுவமையின் ஆழத்தை இன்றைய பொறியியலிலும் காணலாம். அமெரிக்க மண்தடங்களில் ஓடும் 'ஸ்டாக் கார்' எனும் பந்தயக் காரின் முன்சக்கரத்தை நாம் உற்று நோக்கினால் போதும்.

முன்சக்கரத்தைத் தாங்கி, அது சுழலவும் திரும்பவும் இடந்தரும் உலோக உறுப்பே ஸ்பிண்டில். நம்மூர்ப் பட்டறைகளில் இதனை 'ஸ்டப் ஆக்ஸில்' என்பர். மேலும் கீழுமாக இரண்டு பால் ஜாயின்ட்டுகள் இதனைக் காரின் மேற்கை, கீழ்க்கைகளோடு பிணைக்கின்றன. இதன் முளையில் சக்கரம் சுழல்கிறது; இதனோடு இணைந்த ஸ்டியரிங் கை சக்கரத்தைத் திருப்புகிறது.

1949 ஜூன் 19ஆம் நாள் நாஸ்கார் அமைப்பு சார்லட் நகரில் நடத்திய முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம், முக்கால் மைல் மண்தடத்திலேயே நிகழ்ந்தது. ஒஹாயோ மாநிலத்தின் எல்டோரா முதலிய தடங்களில் இம்மரபு இன்றும் தொடர்கிறது. நீள்வட்டத் தடத்தில் கார்கள் இடப்புறமாகவே சுற்றி வருவதால், வளைவில் எடை வலப்புறம் சாய்கிறது. வலது முன்சக்கரம் பெருஞ்சுமை ஏற்கிறது. தடத்தின் பள்ளங்களும் அதனையே மிகுதியாகத் தாக்குகின்றன. ஆதலின் ஸ்பிண்டிலைத் தெரிவு செய்வோர் மூன்றினைக் கருதுதல் வேண்டும்.

முதலாவது, வடிவக் கணக்கு. இரு பால் ஜாயின்ட்டுகளையும் இணைக்கும் கற்பனைக் கோடு உட்புறம் சாய்ந்திருக்கும். அச்சாய்வு மிகுந்தால், சக்கரம் திரும்புந்தோறும் அதன் தலைப்பகுதி வெளிப்புறம் சாய முற்படும். ஸ்பிண்டிலின் உயரம் கூடினாலோ மேற்கையின் கோணம் மாறும். கார் அமிழும்போது சக்கரத்தின் தலை உட்புறமாகக் கூடுதலாய்ச் சாயும். எனவே ஸ்பிண்டிலை மட்டும் மாற்றி அமைதல் கூடாது. மேற்கையின் நீளம், கேம்பர், காஸ்டர் ஆகியவற்றையும் மீண்டும் அளந்து அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஸ்டியரிங் கையின் நீளம். கை குறுகினால் கார் விரைந்து திரும்பும். ஆயின் ஓட்டுநரின் கைக்குச் சுமை கூடும்.

மூன்றாவது, எடையும் வலிமையும். 1970களின் ஃபோர்டு பின்டோ, 1978 முதல் 1988 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸின் 'மெட்ரிக்' கார்கள் ஆகியவற்றின் ஸ்பிண்டில் வடிவங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. எடை குறைந்த ஸ்பிண்டில், மேடுபள்ளங்களில் சக்கரம் மண்ணைப் பற்றியோட உதவும். எனினும் மெலிந்தது மோதலில் வளையும். வளைந்ததைச் சூடேற்றி நிமிர்த்துவது பெரும்பிழை. உலோகத்தின் உறுதி அதனால் குலையும். பழைய ஸ்பிண்டிலை வாங்குவோர், கண்ணுக்குப் புலப்படாத விரிசலையும் காட்டும் காந்தத்துகள் சோதனை செய்தபின்னரே பொருத்துதல் நலம்.

சிறந்த ஸ்பிண்டில் என்று தனியே ஒன்றில்லை. தன் காருக்கும் தடத்துக்கும் பந்தய விதிக்கும் பொருந்துவதே சிறந்தது என்பதே நாம் பெறும் முடிவு. முளை முறிந்தால் சக்கரம் கழன்றோடும். ஓட்டுநர் உயிரோடு, தடத்தருகே நிற்போர் உயிரும் இடருறும். கருவியைத் தேர்பவனிடம் அவ்வுயிர்கள் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விலையையும் பளபளப்பையும் நோக்காது, அளந்தும் சோதித்தும் தெளிதலே அவ்வமானிதம் பேணும் வழியாகும்.