கொழுந்தா, முத்தலா?

நம்பிக்கை: மூலிகைத் தேநீருக்குக் கொழுந்து இலைதான் மருந்து. முற்றிய இலை வெறும் சக்கை.

தேயிலையை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் பாதி உண்மை. நீலகிரித் தோட்டங்களில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. துவர்ப்பைத் தரும் கேட்டக்கின்களும் காஃபீனும் அந்த நுனியில்தான் மிகுதி. கிளையில் கீழே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். பூச்சி முதலில் கடிக்க வருவது மெல்லிய தளிரை என்பதால், செடி தன் தற்காப்பை அங்கே குவித்து வைக்கிறது. இது தெரியாமல்தான் பலர், மொட்டிலிருந்து செய்யும் வெள்ளைத் தேநீரில் காஃபீனே கிடையாது என்று நம்பி, படுக்கப் போகும் நேரத்தில் குடிக்கிறார்கள். ஜப்பானில் நேர்மாறான வழக்கம். முற்றிய இலைகளில் செய்யும் பன்ச்சாவைத்தான் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுப்பார்கள், அதில் காஃபீன் குறைவு என்பதால்.

ஆனால் தேயிலையின் கணக்கை எல்லாச் செடிக்கும் போட முடியாது. பெப்பர்மின்ட்டைப் பாருங்கள். (நாம் சட்னிக்கு அரைக்கும் புதினா அதன் உறவு, அதுவே அல்ல.) இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று சிறு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. இலை இளசாக இருக்கையில் அந்த எண்ணெயில் மெந்தோன் மிகுந்திருக்கும். இலை முதிர முதிர அந்த மெந்தோன்தான் மெந்தாலாக மாறுகிறது. தொண்டைக்குக் குளிர்ச்சி தரும் மெந்தால் வேண்டும் என்பவர் தளிரைக் கிள்ளினால் அது கிடைக்காது. நன்றாக விரிந்த இலையைப் பறிக்க வேண்டும். எண்ணெய்க்காகப் பயிரிடுகிறவர்களும் செடி பூவெடுக்கும் பருவம்வரை காத்திருந்துதான் அறுக்கிறார்கள்.

இளசு என்றாலே தீங்கில்லாதது என்ற எண்ணமும் தவறு. இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிடக் கூடாது என்று நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குருத்தில் சயனைடை உண்டாக்கும் பொருள் அதிகம், பயிர் வளர வளர அது குறையும். மரவள்ளி இலையும் இப்படியே, தளிரில்தான் நஞ்சு கூடுதல். ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லை நம்பிக் கண்ட தளிரையும் வெந்நீரில் போடச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது.

நம்பிக்கை: முற்றிய இலையில்தான் சத்து இறங்கியிருக்கும். சாறு கறுக்கக் கறுக்க வீரியம் கூடும்.

முற்றிய இலையில் சில பொருட்கள் சேர்வது உண்மைதான். கால்சியம் ஓர் இலைக்குள் போய்விட்டால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும், தளிருக்குத் திரும்பாது. ஆகவே வயதான இலையில் அது கூடுதலாக இருக்கும். முருங்கையில் அந்தக் கால்சியத்தை விரும்புகிறவர் கீரையாகச் சமைத்து இலையோடு சாப்பிடுவதே நல்லது. வடிகட்டிய நீரில் ஒரு பங்குதான் இறங்கும். மிச்சம் வடிகட்டியில் நின்றுவிடும்.

சேர்வதெல்லாம் நல்லதாகவும் இருக்காது. தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளூரைடை உறிஞ்சி இலையில் சேமிக்கும் இயல்புடையது. இலைக்கு வயதாக ஆக அந்தச் சேமிப்பும் ஏறுகிறது. திபெத்திலும் உள்மங்கோலியாவிலும் முற்றிய இலையையும் காம்பையும் செங்கல்போல் அழுத்திச் செய்த தேயிலையைக் கொதிக்கவைத்து நாள் முழுக்கக் குடிக்கும் மக்களிடையே, பற்களில் கறையும் எலும்பு பாதிப்பும் பரவலாகக் காணப்பட்டன. அதற்குச் ‘செங்கல் தேயிலை ஃபுளூரோசிஸ்’ என்றே பெயர். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இந்த நோயை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தை வைத்து எடை போடுவதும் சரியில்லை. காஃபீனுக்கு நிறமே கிடையாது. வைட்டமின் சி-க்கும் கிடையாது. அது கொதிக்கக் கொதிக்க அழிந்தும் போகிறது. துளசி, புதினா போன்ற வாசனை இலைகளைத் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் எண்ணெய் ஆவியோடு போய்விடும், சாயம் மட்டும் மிஞ்சும். அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, ஐந்து பத்து நிமிடம் மூடிவைத்தாலே போதும்.

நம்பிக்கை: சர்க்கரைக்குக் கொய்யாக் கொழுந்துக் கஷாயம், காலையில் வெறும் வயிற்றில்.

இங்கே இலையின் வயதைவிடப் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போகிறது. கொய்யா இலையிலுள்ள பாலிஃபீனால்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கின்றன. அதாவது வயிற்றில் சோறோ இட்லியோ இருக்க வேண்டும். ஜப்பானில் யாகுல்ட் நிறுவனத்தின் கொய்யா இலைத் தேநீர், உடல்நலப் பயன் கூறி விற்க அரசு ஏற்பளித்த உணவுகளின் பட்டியலில் 2000-ல் இடம்பெற்றது. அதுவும் சாப்பாட்டோடு குடிப்பதற்கானது. ஒவ்வொரு பாட்டிலிலும் அளந்து வைத்த பாலிஃபீனால் இருக்கும். நம் வீட்டுச் சட்டியில் அந்த அளவு கிடையாது; இலை, மரம், பருவம், கொதித்த நேரம் என எல்லாவற்றுக்கும் ஏற்ப நாளுக்கு நாள் மாறும். ஆகவே அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே தினமும் குடிக்க நினைப்பவர்களும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால், கைநடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரும்.